தீந்தையின் குற்றமா, சுவரின் குற்றமா? யாழ்ப்பாணக் குடாநாட்டில் பூச்சுப் பழுதுகளின் காரணம் குறித்து

1. கேள்வி

தீந்தை பூசி ஓராண்டு திரும்புமுன் சுவரின் அடியில் கொப்புளம் எழுந்தால், வீட்டுக்காரர் கடைக்காரரைக் குறை சொல்வார். கடைக்காரர் பெயின்ரரைச் சொல்வார். பெயின்ரரோ மலிவான தீந்தையை வாங்கித் தந்தவர் மேல் பழியைத் திருப்புவார். மூவர் பேச்சிலும் ஓர் எடுகோள் பொதுவாக இருக்கிறது: பழுது தீந்தையில் தெரிகிறது, ஆகவே காரணமும் தீந்தையிலேயே இருக்க வேண்டும். அடுத்த முறை விலை கூடிய தீந்தை வாங்கப்படுகிறது. அதுவும் அதே இடத்தில் உரிகிறது.

இக்கட்டுரை அந்த எடுகோளைச் சோதிக்க முனைகிறது. தீந்தைப் பழுதுகள் பற்றிய கைநூல்கள் பல, குளிர்நாடுகளின் மரவீடுகளையும் செங்கற் சுவர்களையும் மனத்திற்கொண்டு எழுதப்பட்டவை. அவை தரும் பழுதுகளின் பட்டியல் இங்கும் பொருந்தும். எதை முதலில் சந்தேகிக்க வேண்டும் என்ற வரிசை பொருந்தாது. குடாநாட்டின் நிலம், கிணற்று நீர், மணல், காற்று ஆகியவற்றை வைத்து அவ்வரிசையை மறுபடி அமைக்க வேண்டும். அப்படி அமைத்தால் சுவருக்குள் இருக்கும் உப்பும் நீரும் முதலிடத்துக்கும் தீந்தையின் தரம் இரண்டாம் இடத்துக்கும் வரும் என்பதே இங்கு முன்வைக்கப்படும் வாதம்.

2. நிலமும் நீரும் காற்றும்

குடாநாடு மயோசீன் காலச் சுண்ணாம்புக்கல்லின் மேல் அமைந்தது. ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு இங்கில்லை. வழுக்கையாறு மாரியில் மட்டும் ஓடும். மழைநீர் கல்லின் வெடிப்புகளூடாக இறங்கி, அடியிலுள்ள உவர்நீரின் மேல் மெல்லிய நன்னீர்ப் படையாக மிதக்கிறது. புத்தூருக்கு அண்மையிலுள்ள நிலாவரைக் கிணற்றில் மேலே நன்னீரும் ஆழத்தில் உவர்நீரும் இருப்பது பலரும் அறிந்த சான்று. இத்தகைய நிலங்களுக்கு நீரியலாளர் கூறும் பொது விதி ஒன்று உண்டு. நன்னீர் கடல் மட்டத்துக்கு மேல் 1 மீற்றர் உயர்ந்து நின்றால் கீழே ஏறத்தாழ 40 மீற்றர் ஆழத்துக்கு நன்னீர் இருக்கும். அவ்விதியை மறுபுறமாகப் படித்தால், நீர்மட்டம் சிறிது தாழ்ந்தாலே உவர்நீர் பலமடங்கு மேலேறும்.

இதற்கும் தீந்தைக்கும் உள்ள தொடர்பு காலக்கணக்கில் இருக்கிறது. மழையின் பெரும்பகுதி ஒக்டோபர் முதல் டிசெம்பர் வரை விழுகிறது. வீடு கட்டுவோர் மழை ஓய்ந்த பின்னரே வேலை தொடங்குவர்; பூச்சு வேலை கோடைக்குள் போய்விடும். கிணற்று மட்டம் தாழ்ந்து உவர் ஏறும் காலமும் அதுவே. சாந்து குழைப்பதற்கும் பூசிய சுவரை நனைப்பதற்கும் பயன்படும் நீர், ஆண்டிலேயே உப்புக் கூடிய நீராக அமைந்துவிடுகிறது. காரைநகர், வேலணை, புங்குடுதீவு போன்ற தீவகப் பகுதிகளில் இந்நிலை இன்னும் கடுமையானது.

மணலும் கவனத்துக்குரியது. வடமராட்சி கிழக்கின் மணற்காட்டுப் பகுதியில் உள்ளவை போன்ற கரையோர மணற்குன்றுகளின் மணல், காற்றினால் சலிக்கப்பட்டு ஒரே அளவு நுண்பரல்களாகக் கிடப்பது. பரல்கள் வேறுபட்ட அளவில் இருந்தால்தான் சிறியவை பெரியவற்றின் இடைவெளியை நிரப்பும். ஒரே அளவு மணலில் நுண்துளைகள் கூடுகின்றன; சாந்து கூடுதல் நீரைக் கேட்கிறது; காய்ந்தபின் பூச்சு நீரை எளிதில் உறிஞ்சுகிறது. அம்மணல் கழுவப்படாமல் வந்தால் கடலுப்பும் கூடவே வரும்.

பின்னர் காற்று. மாரியில் வாடை மழையைச் சுவரின் மேல் சாய்த்தடிக்கிறது. மே முதல் செப்ரெம்பர் வரை வீசும் சோளகம் அதே சுவரை வேகமாக உலர்த்துகிறது. நனைத்தல் ஒரு பருவம், உலர்த்தல் ஒரு பருவம் என்ற இந்த மாற்றமே உப்பைச் சுவரின் உள்ளிருந்து மேற்பரப்புக்கு இழுத்து வருகிறது.

3. ஒரு சிறு கணக்கு

கிணற்று நீரால் சுவரில் எவ்வளவு உப்புச் சேரும்? லீற்றருக்கு 1,000 மில்லிகிராம் குளோரைட்டு உள்ள நீரை எடுத்துக்கொள்வோம். சாதாரண உப்பாகப் பார்த்தால் இது லீற்றருக்கு ஏறத்தாழ 1.65 கிராம். 10 மீற்றர் நீளமும் 3 மீற்றர் உயரமும் கொண்ட சுவருக்கு 15 மில்லிமீற்றர் தடிப்பில் பூசினால் 0.45 கன மீற்றர் சாந்து வேண்டும். அதைக் குழைக்க 125 லீற்றர் அளவில் நீர் செல்லும் என்று கொண்டால், ஏறத்தாழ 200 கிராம் உப்பு பூச்சுக்குள் சேர்கிறது. அதன்பின் ஏழு நாட்கள், நாளுக்கு இருமுறை, சதுர மீற்றருக்கு அரை லீற்றர் வீதம் நனைத்தால் 210 லீற்றர் நீர். அதிலுள்ள உப்பு ஏறத்தாழ 350 கிராம். வழிந்தோடுவதைக் கழித்தாலும், குழைத்த நீருக்குக் குறையாத உப்பை நனைத்த நீரும் விட்டுச்செல்லக் கூடும் என்பது தெளிவு.

இதில் எடுத்துக்கொண்ட 1,000 மில்லிகிராம் என்பது, கம்பியிட்ட கொங்கிறீற்றுக்கான நீரில் ஐரோப்பியத் தரநியமம் ஏற்கும் உச்ச அளவு. கம்பியில்லாத கொங்கிறீற்றுக்கு 4,500 வரை அது இடமளிக்கிறது. அந்த எல்லைகளின் நோக்கம் கம்பியைத் துருவிலிருந்து காப்பது. தீந்தையைக் காப்பது அவற்றின் நோக்கமல்ல. ஆகவே நீர் தரநியமத்துக்குள் இருக்கிறது என்று பொறியியலாளர் சொல்வது சரியாக இருக்கும்போதே, அந்த நீரில் குழைத்த பூச்சு தீந்தையைத் தள்ளிவிடப் போதிய உப்பைக் கொண்டிருக்கலாம். இவ்விரு கேள்விகளையும் ஒன்றாகக் குழப்புவது தவறான நம்பிக்கையைத் தருகிறது.

4. சுண்ணாம்பிலிருந்து படலத்துக்கு

பழைய கல்வீடுகளின் சுவர், சுண்ணாம்புக்கல்லும் முருகைக்கல்லும் சுண்ணாம்புச் சாந்தும் கொண்டது. சூளையில் ஏறத்தாழ 900 பாகை செல்சியசில் சுட்ட கல்லை நீற்றினால் கல்சியம் ஐதரொட்சைட்டு கிடைக்கும். சுவரில் பூசப்பட்ட பின் அது காற்றிலுள்ள காபனீரொட்சைட்டை ஏற்று மீண்டும் கல்லாகிறது. தைப்பொங்கலுக்கும் திருவிழாவுக்கும் அடித்த வெள்ளை, சுவரின் பொருளோடு ஒரே இனமானது. நீராவி அதனூடாகத் தடையின்றி வெளியேறும். உப்பு மேற்பரப்பில் பூத்தால் வெள்ளையின் சிறு பகுதியோடு உதிரும். அடுத்த ஆண்டு மேலே ஒரு பூச்சு விழும். அதன் காரத்தன்மை பாசியையும் ஓரளவு அடக்கியது. உதிர்வதற்கென்றே பூசப்பட்ட காப்பு அது.

இன்றைய தீந்தை படலம் அமைப்பது. இமல்ஷன் வகை ஓரளவு நீராவியை விடும். எனாமல் மிகக் குறைவாக விடும். நீர்த்தடுப்பு என்று விற்கப்படும் தடித்த மீள்தன்மைப் பூச்சுகள் பலவும் ஈரத்தை உள்ளே அடைத்துவைப்பவை. உப்பு நீர் ஆவியாகும் இடத்தில்தான் உப்பு பளிங்காகும். ஆவியாதல் மேற்பரப்பில் நிகழ்ந்தால் வெண்பொடி பூக்கும், அதைத் துடைத்துவிடலாம். படலம் தடுத்தால் பளிங்குகள் படலத்தின் பின்னால் வளரும். அவை தள்ளும் விசையே கொப்புளமாகவும் பொருக்காகவும் வெளியே தெரிகிறது.

இம்மாற்றத்தின் கடுமையான வடிவத்தை வலிகாமம் வடக்கில் காணலாம். 1990 இல் மக்கள் இடம்பெயர்ந்தபின் உயர்பாதுகாப்பு வலயத்துக்குள் அகப்பட்ட வீடுகள், 2009 க்குப் பின் கட்டங்கட்டமாக நிலம் விடுவிக்கப்படும் வரை கூரையிழந்து மழையில் நின்றன. கூரையில்லாத சுவர் தலையிலிருந்து அடிவரை நீரைக் குடிக்கும். அத்தகைய சுவரை மீட்கும்போது உடைந்த சுண்ணாம்புப் பூச்சுக்கு மேல் சீமெந்துப் பூச்சும் புட்டியும் தீந்தையும் விரைந்து ஏற்றப்பட்டால், பல ஆண்டுகளின் ஈரமும் உப்பும் உள்ளே பூட்டப்படுகின்றன. வீடு திரும்பும் ஆவலில் இருப்பவரிடம் பொறுமை கேட்பது எளிதல்ல. ஆயினும் அச்சுவர்களுக்கு முதலில் வேண்டியது உலர்வதற்கான காலம்.

5. கோயில் மதிலும் கோபுரமும்: ஓர் ஒப்பீடு

காரணம் தீந்தையா சுவரா என்று பிரித்தறிய, ஒரே தீந்தை வேறுபட்ட இடங்களில் எப்படி நடந்துகொள்கிறது என்று பார்ப்பதே சிறந்த வழி. அதற்கான வாய்ப்பை நம் கோயில்கள் தருகின்றன. குடமுழுக்கை ஒட்டிக் கோபுரமும் மண்டபச் சுவரும் வெளிமதிலும் ஒரே காலத்தில் வண்ணம் பெறுகின்றன. ஆண்டுகள் சென்றபின் பார்த்தால் பழுதுகள் இடத்துக்கு இடம் வேறுபடும். கோபுரத்தின் உயரத்தில் நிறம் மங்கும், கையில் மாவாக ஒட்டும், சிற்பங்களின் மடிப்புகளில் கருமை படியும். செங்காவியும் வெள்ளையுமான பட்டைகள் கொண்ட மதிலின் அடியிலோ பொருக்கு வெடிக்கும். சில இடங்களில் பூச்சும் சேர்ந்து உதிரும்.

கோபுரத்துக்கு நிலத்தின் ஈரம் எட்டாது. அங்கே செயற்படுபவை வெயிலும் மழையும். மதிலுக்கு இரண்டு பக்கமும் மழை, தலையில் மூடுகல் இல்லாத இடங்களில் மேலிருந்தும் மழை, அடியில் நிலத்து நீர். தீந்தை மட்டுமே காரணமானால் பழுது எங்கும் ஒரே வகையாக இருக்க வேண்டும். உயரத்துக்கும் திசைக்கும் ஏற்ப அது மாறுவது, சுவரின் நிலையே முடிவு செய்கிறது என்பதற்கான வலுவான சான்று.

6. பழுதுகளைப் பிரித்தறிதல்

அ. வெண்பூப்பு. சுவரில் வெண்பொடி கண்டால் அதில் ஒரு துளி நல்ல நீர் விடுக. கரைந்தால் உப்பு. கரையாமல், தேசிக்காய்ச் சாறு பட்டதும் நுரைத்தால் அது சுண்ணாம்பு. சீமெந்திலிருந்தே வரும் முதலாண்டுப் பூப்பு படிப்படியாகக் குறையும். ஒவ்வொரு கோடையிலும் திரும்பி வருவது, எங்கிருந்தோ உப்பும் நீரும் தொடர்ந்து வருவதைக் காட்டும். உப்பை உலர்ந்த தூரிகையால் தட்டியெடுக்க வேண்டும். நீரூற்றிக் கழுவினால் கரைந்து மீண்டும் உள்ளே போகும்.

ஆ. கொப்புளமும் பொருக்கும். உரிந்த பொருக்கின் பின்பக்கத்தைப் பார்ப்பது முதல் சோதனை. பின்னால் சாந்துப் பொடி ஒட்டியிருந்தால் பூச்சே வலுவிழந்திருக்கிறது. பழைய தீந்தையின் நிறம் இருந்தால் இரண்டு பூச்சுகளுக்கிடையே பிடிப்பு இல்லை. அழுக்கு, மாவு அல்லது பழைய சுண்ணாம்பு வெள்ளையின் மேல் பூசியதே காரணம். பளிங்குகள் மின்னினால் உப்பு. பொருக்கு எந்த உயரத்தில் என்பதும் கேள்வி. நிலத்திலிருந்து ஒரு மீற்றருக்குள் என்றால் அத்திவாரத்தை, மேலே என்றால் கூரை ஓரத்தையும் குழாயையும், யன்னலின் கீழ் மூலையில் என்றால் அதன் விளிம்பைச் சந்தேகிக்க வேண்டும்.

இ. காரத்தாக்கம். புதிய சீமெந்துப் பூச்சின் காரத்தன்மை மிக உயர்ந்தது. அதன் பிஎச் 12 க்கு மேல். எண்ணெய் சார்ந்த எனாமலை அதன்மேல் பூசினால் எண்ணெயும் காரமும் சேர்ந்து சவர்க்காரமாகின்றன. தீந்தை பிசுபிசுத்து, நிறம் திட்டுத்திட்டாக வெளுத்து, உரிகிறது. இது இங்கு அடிக்கடி நேர்வதற்கு ஒரு சமூகக் காரணமும் உண்டு. குடிபூரலுக்கு நாள் வைத்தபின், சுவர் காய்ந்ததா என்று எவரும் கேட்பதில்லை. குறைந்தது நான்கு வாரம் காத்திருப்பதும், காரத்தைத் தாங்கும் அடிப்பூச்சும் தேவை. மாரியில் பூசிய சுவருக்கு நான்கு வாரமும் போதாது.

ஈ. மாவாதல். கறுப்புத் துணியால் தேய்த்தால் நிறம் ஒட்டிக்கொள்ளும். வெயிலின் ஊதாக் கடந்த கதிர்கள் பிணைப்பியைச் சிதைக்க, நிறப்பொருள் தளர்கிறது. பிணைப்பி குறைந்து நிறப்பொருளும் நிரப்பியும் மிஞ்சிய மலிவுத் தீந்தைகளில் இது விரைவில் வரும். அளவுக்கு மேல் நீர் கலந்தாலும் படலம் மெலிந்து இதே முடிவு. தீந்தையையும் பூசியவரையும் குறை சொல்லும் வழக்கத்துக்கு உண்மையான அடிப்படை இங்கேதான் இருக்கிறது. இப்பழுது சுவர் முழுவதும், வெயில் படும் பக்கத்தில் கூடுதலாக, ஒரே சீராகத் தோன்றும். அடியில் மட்டும் தோன்றும் பழுதுக்கு இவ்விளக்கம் போதாது.

உ. கருமையும் பாசியும். மழைக்குப் பின் வரும் கருந்திட்டுகள் அழுக்கல்ல. உயிருள்ள பாசியும் பூஞ்சணமும். அவற்றைக் கொல்லாமல் மேலே பூசினால் புதுத் தீந்தையூடாக மீண்டும் எழும். வீட்டு வெளிற்றும் திரவத்தின் ஒரு பங்குக்கு மூன்று பங்கு நீர் சேர்த்துத் தேய்த்து, சிறிது நேரம் விட்டுக் கழுவி, உலரவிட வேண்டும். கையுறை அவசியம். அத்திரவத்துடன் அமிலத்தையோ அமோனியாவையோ ஒருபோதும் கலக்கக் கூடாது; எழும் வாயு நச்சுத்தன்மையானது.

ஊ. இரும்பு. கடற்காற்றுப் படும் கேற்றிலும் யன்னற் கம்பியிலும் உப்புப் படிந்திருக்கும். அதைக் கழுவாமல் பூசினால் தீந்தையின் அடியிலேயே துரு பரவும். துருவைச் சுரண்டி, நன்னீரால் கழுவி, உலர்ந்த அன்றே துருத்தடுப்பு அடிப்பூச்சு இட வேண்டும். கழுவும் நீர் உவராக இருந்தால் முயற்சி வீண்.

7. நிலத்து ஈரம் என்ற விளக்கத்தின் எல்லை

சுவரின் அடியில் ஈரம் கண்டால் நிலத்திலிருந்து நீர் ஏறுகிறது என்பது வழமையான விளக்கம். அதை அப்படியே ஏற்பதற்கில்லை. பிரித்தானியாவில் ஜெஃப் ஹவல் என்பவர் 2008 இல் எழுதிய நூல், நிலத்தீரம் என்று கண்டறியப்படுபவற்றில் பெரும்பகுதி வேறு காரணங்களால் வருவது என்று வாதிட்டது. அவரது வாதம் மிகைப்பட்டது என்போரும் உண்டு. ஆனால் அது எழுப்பும் எச்சரிக்கை இங்கு இரட்டிப்பாகப் பொருந்தும்.

காரணம் உப்பின் இயல்பு. சாதாரண உப்பு, காற்றின் சாரீரப்பதன் ஏறத்தாழ 75 சதவீதத்தைக் கடக்கும்போது காற்றிலிருந்தே நீரை இழுத்துக் கரையும். அதற்குக் கீழே மீண்டும் பளிங்காகும். குடாநாட்டில் பகலுக்கும் இரவுக்கும் இடையே ஈரப்பதன் இந்த எல்லையின் இருபுறமும் நகர்வது இயல்பு. ஆகவே உப்பேறிய சுவர், கீழிருந்து ஒரு துளி நீரும் ஏறாமலே விடியற்காலையில் ஈரமாகத் தோன்றலாம். மின்கடத்தலை அளக்கும் ஈரமானிகளும் உப்பை ஈரமென்று காட்டும். அத்திவாரத்தில் ஈரத்தடை இல்லாத பழைய வீட்டில் நிலத்தீரம் உண்மையாகவே இருக்கலாம். உவர்நீரால் பூசிய புதுவீட்டில் சுவரே தன் ஈரத்தைத் தேடிக்கொள்கிறது. இரண்டுக்கும் மருந்து வேறு.

8. தடுப்பின் ஒழுங்கு

மேற்கண்டவற்றிலிருந்து தடுப்பின் வரிசை தானே அமைகிறது.

முதலாவது, கட்டும்போதே உப்பைக் குறைத்தல். குழைக்குமுன் கிணற்று நீரின் குளோரைட்டை ஆய்வுகூடத்தில் அளக்க வேண்டும். உவராக இருந்தால், குழைப்பதற்கு மட்டுமல்லாமல் நனைப்பதற்கும் நன்னீர் வேண்டும். பொலித்தீனால் அல்லது ஈரச்சாக்கால் மூடினால் நனைக்கும் நீர் மிகவும் குறையும். மாரியில் பீலியில் விழும் மழைநீரைச் சேமித்தால் உப்பில்லாத நீர் கையில் இருக்கும்.

இரண்டாவது, நீரின் வழியை அடைத்தல். அத்திவாரத்தின் மேல் ஈரத்தடை, மதிலின் தலையில் சரிவான மூடுகல், கூரையின் போதிய இறவாரம், சுவரடியிலிருந்து விலகிச் சரியும் தரை ஆகிய நான்கும் எந்தத் தீந்தையையும் விடப் பயன் தருபவை. அடிச்சுவரை ஓடுபதித்து மறைப்பது ஈரத்தை அகற்றாது. அது ஓட்டுக்கு மேலே ஏறி வெளிப்படும்.

மூன்றாவது, உலர்ந்ததை உறுதிசெய்தல். 45 சென்ரிமீற்றர் சதுரப் பொலித்தீனைச் சுவரில் நான்கு பக்கமும் ஒட்டி 16 மணி நேரம் விடுக. உட்பக்கம் நீர் படிந்தால் சுவர் இன்னும் பூசத் தகுந்ததல்ல.

நான்காவது, சுவருக்கேற்ற பூச்சு. பழைய சுண்ணாம்புச் சுவருக்குச் சுண்ணாம்புப் பூச்சும் சுண்ணாம்பு வெள்ளையும் இன்றும் தகுந்தவை. கடல்நீரில் நிற்கும் வெனிஸ் நகரத்துச் சுவர்களைப் பேணுவோர், உப்பை ஏற்று உதிர்ந்து பின் மாற்றப்படும் தியாகப் பூச்சு முறையைக் கையாள்கின்றனர். நம் வெள்ளையடிப்பின் தத்துவமும் அதுவே. ஜேர்மனியில் கைம் என்பவர் 1878 இல் காப்புரிமை பெற்ற சிலிக்கேற்றுத் தீந்தையும் நீராவியை விடும் வகை. சீமெந்துச் சுவருக்கு நீராவி விடும் இமல்ஷன் போதும். எனாமலும் தடித்த நீர்த்தடுப்புப் பூச்சும் ஈரமுள்ள சுவருக்கு ஆகா.

பழைய கதவு யன்னல்களின் எனாமலைத் தேய்ப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. இலங்கையில் தீந்தையின் ஈய அளவைக் கட்டுப்படுத்தும் பணிப்புரை 2011 இல் வெளிவந்து, 2013 முதல் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்திய பூச்சுகளில் ஈயம் இருக்கலாம். அவற்றை நனைத்தே தேய்க்க வேண்டும். தூசியைத் துடைத்து அகற்றும்வரை குழந்தைகளை விலக்கி வைக்க வேண்டும்.

9. முடிபு

தீந்தையின் தரம் பொருட்டற்றது என்பது இக்கட்டுரையின் முடிபன்று. மாவாதலும் விரைவில் மங்குதலும் தரக்குறைவால் வருபவை. அவற்றுக்கு நல்ல தீந்தையே விடை. ஆனால் சுவரின் அடியில் வரும் கொப்புளமும் பொருக்கும் அவ்வகையல்ல. அங்கே விலை கூடிய, இறுக்கமான படலம் பழுதைத் தணிக்காமல் கூட்டவும் செய்யும். இடம், காலம், பொருக்கின் பின்பக்கம் என்ற மூன்றையும் பார்க்காமல் தீந்தை வாங்குவது, நோயறியாமல் மருந்து வாங்குவதாகும்.

இத்துறையில் ஊர்வாரியான அளவீடுகள் வேண்டும். எந்த ஊரின் சுவரில் எந்த உயரத்தில் எவ்வளவு குளோரைட்டு, எவ்வளவு சல்பேற்று என்று பதிவு செய்யும் பணி, கிளிநொச்சி அறிவியல் நகரிலுள்ள யாழ்ப்பாணப் பல்கலைக்கழகப் பொறியியற் பீட மாணவர்களின் ஆய்வுக்கு உகந்தது. போரில் வீட்டை இழந்து மறுபடி கட்டிய மக்கள், ஒவ்வொரு மாரிக்குப் பின்னும் அதே சுவருக்கு மறுபடி செலவழிக்க நேர்வது தவிர்க்கக்கூடியது. வீடு கட்டத் தொடங்குபவர்கள் தீந்தைக் கடையின் நிற அட்டையைப் பார்க்குமுன், தம் கிணற்று நீரை ஒரு போத்தலில் எடுத்து ஆய்வுகூடத்துக்குக் கொண்டுசெல்ல வேண்டும்.